மாரென் கொடுத்ததாகச் சொன்ன வாக்கு

எம்மெட் விடிவதற்கு முன் எழுந்தான். நாயை வெளியே விட்டான். வாஃபிள் பின்வாசல் பனியில் ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பி வந்தது. ஓட்ஸ் கஞ்சி வைத்தான். நின்றபடியே குடித்தான். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். பூட்ஸ், கோட்டு, கையுறை. தெருவில், பனி அள்ளும் வண்டிக்காக ஞாயிறுதோறும் பக்கம் மாற்றி நிறுத்தும் காரின் கண்ணாடியில் படிந்திருந்த பனிப்பொருக்கைச் சுரண்டினான். வானொலியில் வானிலை சொன்னார்கள். கேட்டான், எதுவும் மனதில் நிற்கவில்லை. டுலூத் ஊரை விட்டு ஏரிக்கரைச் சாலையில் வடக்கே போனான். வலப்பக்கம் சுப்பீரியர் ஏரி இருந்தது. அது இருப்பதைப் பார்த்துக்கொண்டான்.

டூ ஹார்பர்ஸில், மாமியார் வீட்டு வாசலில் நிறுத்தினான். ஆர்டிஸ் அங்கே தனியாக இருந்தார். மனைவி மாரென் இறந்த பிறகு ஒருநாள், வேலைக்குப் போகிற வழியில், படியில் கிடந்த பனியை அள்ளிப் போடலாம் என்று இறங்கினான். அள்ளி முடிப்பதற்குள் உள்ளே காபி தயாராகிவிட்டது. மறுநாளும் போனான். இருவரும் இதைப் பற்றிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஜனவரியில் தொடங்கியது, மார்ச் வந்துவிட்டது, பனி மட்டும் இன்னும் போகவில்லை.

"வா அயோவாக்காரா. கதவை மூடு, ஏரியையும் சேத்து உள்ளே கூட்டிட்டு வராதே."

அவன் அயோவாவில் பிறந்தவன். கல்யாணமாகி ஆறு வருடம் மின்னசோட்டாவில் இருந்தும் ஆர்டிஸுக்கு அது மன்னிக்கக்கூடிய விஷயமாகத் தோன்றவில்லை.

"எலுமிச்சை கேக் இருக்கு. ஒரு துண்டு எடுத்துக்கோ."

"தாங்க்ஸ்," என்று எடுத்துக்கொண்டான்.

"பாத்தியா, இப்பவும் முதல் தடவையே எடுக்கறான்! இத்தனை வருஷத்துல அவ உனக்கு ஒண்ணுமே கத்துக்குடுக்கலயா?"

அந்தப் பக்கத்தில் எதையும் மூன்றாவது முறை கேட்டால்தான் வாங்குவார்கள். போனை வைப்பதும் அப்படித்தான். சரி, அப்புறம், பாக்கலாம், வீட்டுல எல்லாரையும் கேட்டதா சொல்லு என்று கால்மணி நேரம் போகும். எதிர்முனைக்காரர் வைக்கும் முன் ஆர்டிஸ் போனை வைத்ததே இல்லை. கார்ப்பெட் கழுவித் தருகிறோம் என்று கூப்பிட்டவனிடம்கூட அவன் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான், வீட்டில் கார்ப்பெட் இல்லை என்று சொல்வார்.

போன் அடித்தது. ஆர்டிஸ் எண்ணைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஐயோ பிரையன், நீ ஒருத்தன்! ஆமா, இங்கயும் பனிதான், வேற என்ன... அப்படியா சொன்னா?"

போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைப் பக்கம் நடந்தார். கதவை முழுதாகச் சாத்தவில்லை.

"அவ அப்படித்தான். சின்னதுல இருந்தே. ஒண்ணைப் பிடிச்சா விடமாட்டா."

பிறகு ஆர்டிஸ் சிரித்தார். எம்மெட் கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. யாரோ ஒருவன் ஆர்டிஸைச் சிரிக்க வைத்திருக்கிறான் என்பது முதலில் நல்லதாகவே பட்டது. அதன் பிறகுதான் 'சொன்னா' என்ற சொல் உறைத்தது. யார் சொன்னாள்? எப்போது?

"நாளைக்குத்தானே? கண்டிப்பா. பேங்க் திறந்ததும் நான்தான் முதல் ஆள்."

திரும்பி வந்த ஆர்டிஸ் போனை அதன் இடத்தில் பொருத்தினார். காபியை அவன் கோப்பையில் ஊற்றினார். கோப்பை ஏற்கெனவே நிறைந்திருந்தது. காபி தட்டில் வழிந்தது.

"யாரு பிரையன்?"

"ஒரு பையன். வடகரைக் குழந்தைகள் நிதியில வேலை பாக்கறான். நல்ல பையன்."

"அவன் எதுக்கு உங்களுக்குப் போன் பண்றான்?"

"எல்லாத்துக்கும் ஒரு எதுக்கா? அயோவாவுல அப்படித்தான் கேப்பீங்களா?" தட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "உன்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். எல்லாம் முடிஞ்சப்புறம் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னு நினைச்சேன். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு அறை கட்டறாங்க. கதவுல மாரென் பேரு வரும்."

"யாரு கட்டச் சொன்னா?"

"அவதான்." ஆர்டிஸ் உட்கார்ந்தார். "போறதுக்கு முந்தின நாள் அவங்களுக்குப் போன் பண்ணியிருக்கா எம்மெட். பிரையன்தான் எடுத்திருக்கான். அந்த அறைக்கு நான் பணம் தரேன்னு வாக்குக் குடுத்திருக்கா. அப்புறம் சொல்லியிருக்கா, 'நான் இருக்கமாட்டேன், இதை எங்கம்மா முடிச்சு வைப்பாங்க'ன்னு."



"போறதுக்கு முந்தின நாளா?"

"அதுதான் அவ கடைசியாப் பேசினது. வேற யார்கிட்டயும் பேசியிருக்கமாட்டா. என்னைத்தான் சொல்லியிருக்கா, பாரு."

"ஆர்டிஸ், அவளால போனைக் கையில பிடிக்கவே முடியாது."

"நீ தூங்கிட்டிருந்திருப்பே. பாவம், நீயும் எத்தனை ராத்திரி முழிப்பே."

அவன் பேச வாயெடுத்தான். ஆர்டிஸின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அந்த முகத்தில் ஓர் ஒளி இருந்தது. அதைத் தொட அவனுக்குக் கை வரவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தான். விடைபெறும் பேச்சு இல்லாமல் போனான். ஆர்டிஸ் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

இன்னும் வடக்கே இருந்த இரும்புத்தாது ஆலையின் சோதனைக்கூடத்தில் அவனுக்கு வேலை. அன்று உலையில் வைத்த மாதிரியை எடுக்க மறந்தான். பக்கத்து மேசைக்காரர் எடுத்து வைத்தார். எம்மெட் வாக்கைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தான். யார் இந்த வலையைப் பின்னினார்களோ, வாக்கு என்றால் ஆர்டிஸுக்கு என்ன என்று தெரிந்தே பின்னினார்களா, குருட்டாம்போக்கில் மாட்டிக்கொண்டதா என்று புரியவில்லை. ஆர்டிஸின் லூத்தரன் சர்ச்சில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அடுத்த வருடத்துக்கு என்ன தருவோம் என்று ஒவ்வொருவரும் வாக்குக் கொடுப்பார்கள். அவருடைய கணவர் ஹார்லன் வருடம் பாதியில் இறந்தார். மீதிப் பாதிக்கு ஆர்டிஸ் ஒவ்வொரு ஞாயிறும் ஹார்லன் பேரில் காணிக்கை உறை போட்டார். பாதிரியார் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். ஆர்டிஸ் அவரை ஒரு பார்வை பார்த்தார், அத்தோடு சரி. இறந்தவர் சொன்ன சொல்லை வீட்டில் இருப்பவர் முடித்து வைக்க வேண்டும். அங்கே யாரும் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். எல்லோரும் செய்வார்கள்.

இடைவேளையில், அறநிதிகளைப் பதிவு செய்யும் மாநில அலுவலகத்துக்குப் போன் செய்தான். ஒரு பெண் எடுத்தாள். நிதியின் பெயரைச் சொன்னான். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"அப்படி ஒண்ணு இல்லை சார்."

"வேற பேர்ல இருக்கலாமா?"

"இருக்கலாம். ஆனா இருக்காது." களைத்த குரல். இரக்கமில்லாத குரல் இல்லை. "உங்க வீட்டுல சமீபத்துல யாராவது இறந்தாங்களா?"

"என் மனைவி. இப்ப அவ அம்மாகிட்டப் பணம் கேக்கறாங்க."

"மன்னிக்கணும். இரங்கல் குறிப்பு இணையத்துல இருக்கா?"

"இருக்கு."

"பூ வேண்டாம், அதுக்குப் பதிலா நன்கொடை குடுங்கன்னு போட்டிருக்கா?"

மாரென் அந்தக் குறிப்பைத் தானே எழுதினாள். மடிக்கணினியை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, தானே சிரித்துக்கொண்டு எழுதினாள். ஆர்டிஸ் ஹாக்லண்டின் ஒரே மகள். நான்காம் வகுப்பு ஆசிரியை. கேனோப் படகு ஓட்டத் தெரியும், நீந்தத் தெரியாது, இதில் என்ன தவறு என்று கடைசிவரை புரியவில்லை. கணவன் எம்மெட்டையும் வாஃபிளையும் விட்டுச் செல்கிறாள், இருவரில் வாஃபிள் சொன்னபடி கேட்கும். பூ வேண்டாம். எங்கேயாவது குழந்தைகள் குணமாக உதவுங்கள், எந்த இடம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த இடம் என்பதை ஒருவன் பார்த்துக்கொண்டான்.

"சார், இருக்கீங்களா? ஏமாத்தறவங்க தினமும் உக்காந்து இதைத்தான் படிக்கறாங்க. அம்மா பேரு, ஊரு பேரு எல்லாம் அதுலயே இருக்கும். நம்பர் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். உங்க புகாரை எழுதிக்கறேன். பேங்க்ல உடனே சொல்லுங்க. போன் கம்பெனியில சொல்லித் தெரியாத நம்பரையெல்லாம் தடுத்து வைங்க. ஆனா ஒண்ணு, அவங்க பெரியவங்க, புத்தி தெளிவா இருக்கறவங்க. அவங்களே குடுக்கறேன்னா யாரும் தடுக்க முடியாது. அவன் அவங்ககிட்ட என்ன சொல்லி வச்சிருக்கான்னு தெரியுமா?"

"தெரியும்."

"அதுதான் பூட்டு, அதைத்தான் திறக்கணும். மத்ததெல்லாம் வெறும் கதவு."

மதியம் லீவு சொல்லிவிட்டு டூ ஹார்பர்ஸ் திரும்பினான். அந்த ஊரின் சிறிய பேங்கில் கொரின் கவுன்டரில் இருந்தாள். மாரெனோடு பள்ளியில் படித்தவள். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவள்போல உட்கார்ந்தாள்.

"ஆர்டிஸைப் பத்திப் பேசணும்."

"யாரோட கணக்கைப் பத்தியும் நான் பேச முடியாது எம்மெட்."

"தெரியும்."

"பொதுவா வேணா பேசலாம்."

"பொதுவாப் பேசு."

கொரின் பின்னால் பார்த்தாள். மேலாளர் அறைக் கதவு மூடியிருந்தது.

"பொதுவா, ஒரு அம்மா வராங்கன்னு வை. கொஞ்சம் கொஞ்சமா எங்கயோ அனுப்பிட்டிருந்தவங்க, இப்ப இருக்கறதை மொத்தமா நாளைக்கு அனுப்பணும்னு கேக்கறாங்க. எதுக்குன்னு கேட்டா, வீட்டுக் கூரை மாத்தறேன், ஆளு முழுப் பணமும் முன்னாலயே கேக்கறான்னு சொல்றாங்க. எனக்கு ஞாயித்துக்கிழமைப் பள்ளியில பாடம் எடுத்த அம்மான்னு வச்சுக்கோ. பொய்ச் சாட்சி சொல்லாதேன்னு படம் போட்டுக் காட்டின அம்மா. நான் என்ன நினைப்பேன்? கூரைதான்னு நினைப்பேன்."

ஆர்டிஸ் வீட்டுக் கூரையைப் போன வருடத்துக்கு முந்தின கோடையில் மாற்றியாகிவிட்டது. ஓடுகளை ஏணியில் ஏற்றியது அவன்தான். கீழே நின்று, 'மெதுவா, அயோவாவுல கூரையே கிடையாதா' என்று கேட்டது ஆர்டிஸ்தான். ஹார்லன் விட்டுப்போனது அத்தனையும் அந்தக் கணக்கில் இருந்தது. ஆர்டிஸ் இனி சாப்பிடப் போவது, மருந்து வாங்கப் போவது, குளிருக்குச் சூடேற்றியில் எண்ணெய் ஊற்றப் போவது எல்லாம் அதுதான். அதற்கும் மேலாக அவனை உலுக்கியது வேறு. ஆர்டிஸ் பொய் சொல்லியிருந்தார்.

"சந்தேகமாவே இல்லயா?"

"இருந்துச்சு. பொதுவா." கொரின் கவுன்டர் விளிம்பைத் தேய்த்தாள். "சந்தேகம்னா கூப்பிடறதுக்குன்னு ஒரு நம்பிக்கையான ஆள் பேரு வாங்கி வச்சிருப்போம். அந்த நம்பருக்கு ரெண்டு தடவை அடிச்சேன். யாரும் எடுக்கல. குரல் பதிவு மட்டும் வந்துச்சு. அப்புறம்தான்..."

அது மாரெனின் எண். அந்த எண் உள்ள போன் எம்மெட் வீட்டுச் சமையலறை மேசை டிராயரில் இருந்தது. அதை மின்னேற்றவும் இல்லை, இணைப்பை நிறுத்தவும் இல்லை. மாரென் இறந்த பிறகும், 'இப்ப எடுக்க முடியல, செய்தி சொல்லுங்க' என்று கொரினிடம் பேசியிருக்கிறாள்.

"நாளைக்கு வந்தா ஒரு நாள் இழுத்தடிக்கறேன்," என்றாள் கொரின். "மிஞ்சினா ரெண்டு நாள். அதுக்கு மேல அது அவங்க பணம்."

மறுநாள் காலை அவன் போனபோது ஆர்டிஸ் சர்ச்சுக்குப் போடும் நீலக் கோட்டில் இருந்தார். உதட்டுச் சாயம் பூசியிருந்தார். காபி இருந்தது, கேக் இருந்தது. அவன் எதையும் தொடவில்லை.

"ஆர்டிஸ், அப்படி ஒரு நிதியே இல்லை. மாநில ஆபீஸ்ல கேட்டுட்டேன்."

"புதுசா ஆரம்பிச்சிருக்காங்க. பிரையன் சொன்னான், பதிவாக நாளாகும்னு."

"பேங்க்ல கூரைன்னு சொல்லியிருக்கீங்க."

ஆர்டிஸின் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது.

"அந்தக் கொரின் பொண்ணுக்கு வாய் நீளம்."

"அவ ஒண்ணும் சொல்லல. பொதுவாத்தான் சொன்னா."

"நன்கொடைன்னு சொன்னா பேங்க்ல குடைஞ்சு குடைஞ்சு கேட்டு நேரத்தைக் கடத்துவாங்கன்னு பிரையன் சொன்னான். இன்னிக்குள்ள கட்டினா வேற ஒருத்தர் அதே அளவு சேத்துப் போடறாராம். எத்தனை குழந்தைங்க! அதுக்காக ஒரே ஒரு பொய். ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கறேன், நீ குறுக்கே வராதே."

போன் அடித்தது. ஆர்டிஸ் கை நீட்டுவதற்குள் எம்மெட் எடுத்தான். ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி மேசைமேல் வைத்தான்.

"குட்மார்னிங் ஆர்டிஸ்! காபி ஆச்சா?" இளமையான குரல், நல்ல குரல். பக்கத்து வீட்டுப் பையன் பேசுவதுபோல் இருந்தது.

"நான் எம்மெட்."

மூச்சளவு இடைவெளி விழுந்தது. பிறகு குரல் இன்னும் கனிந்தது.

"எம்மெட்! உங்ககிட்டப் பேசணும்னு எத்தனை நாளா நினைச்சிட்டிருக்கேன். உங்க இழப்புக்கு ரொம்ப வருத்தப்படறேன். மாரென் உங்களைப் பத்தி அவ்வளவு சொன்னாங்க. அந்தக் கேனோ விஷயம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. வாஃபிள் எப்படி இருக்கான்?"

"வாஃபிள் பொட்டை நாய்."

"ஆமா ஆமா, வாய் தவறிடுச்சு. சொன்னபடி கேக்கறவ, இல்லயா?"

எழுதியபோது மாரென் அந்த வரியை அவனிடம் இரண்டு முறை படித்துக் காட்டினாள். அவன் சிரித்தானா என்று பார்ப்பதற்காக இரண்டாம் முறை. அது இப்போது சமையலறை மேசையிலிருந்து, ஒரு கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து, முன்பின் தெரியாத ஒருவனின் வாயால் வந்தது.

"அவ உங்ககிட்டப் பேசினப்ப குரல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். தன் குரல் சாதாரணமாக இருப்பது அவனுக்கே வியப்பாக இருந்தது.

"அருமையா. தெளிவா, தெம்பா. பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு. கடைசியா அவங்க சொன்னது இன்னும் என் காதுல நிக்குது எம்மெட். 'இதை எங்கம்மா முடிச்சு வைப்பாங்க'ன்னு..."

எம்மெட் போனை அணைத்தான்.

ஆர்டிஸ் அதிர்ந்து எழுந்தார். "வச்சுட்டியா? அவன் பேசிட்டிருக்கறப்பவே? சரின்னுகூடச் சொல்லாம?"

"ஆர்டிஸ், கிறிஸ்துமஸ் சமயத்துல நீங்க வந்தீங்க. அவ பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா? வாய்கிட்டக் காதை வச்சுத்தானே கேட்டீங்க? அதுக்கப்புறம் அந்தக் குரலும் தேஞ்சு போச்சு. தெளிவாப் பேசினாளாம். சிரிச்சாளாம்."

"கடைசியில குரல் திரும்பும். ஹார்லனுக்குத் திரும்புச்சு. முட்டை பொரிச்சுத் தான்னு கேட்டாரு."

"அவ பேசல."

"நீ ஒவ்வொரு நிமிஷமும் பக்கத்துலயே இருந்தியா?"

"அவன் சொல்றதெல்லாம் அவ எழுதின குறிப்புல இருக்கு. ஒரு வரி விடாம இருக்கு. நீங்களும் படிச்சிருக்கீங்க."

"இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா?"

ஆர்டிஸ் கைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்தார்.

"எனக்குப் புத்தி இல்லேன்னு நினைக்கறியா? பொய்யா இருக்குமோன்னு ராத்திரி படுக்கறப்ப நானும்தான் நினைக்கறேன். காலையில அவன் கூப்பிடறான், அவ பேரைச் சொல்றான். இந்த ஊர்ல வேற யாரு சொல்றாங்க? நான் கடைக்குப் போனா எல்லாரும் வானிலை பேசறாங்க. நீ தினமும் வரே, பனி அள்றே, கேக்கைத் தின்னுட்டுப் போறே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவளைப் பத்திப் பேசியிருப்பியா?"

எம்மெட் நின்றுகொண்டிருந்தான்.

"அன்னிக்கு நான் கிளம்பி நைஃப் ரிவர் ஊர் வரைக்கும் வந்தேன். போலீஸ்காரன் ரோட்டை மூடிட்டான். என் பொண்ணு சாகறா, விடுன்னேன். மேடம், முன்னால ஒண்ணும் தெரியல, நீங்களும் செத்துடுவீங்கன்னான். வண்டியைத் திருப்பினேன். வீட்டுக்குள்ள வரேன், நீ போன் பண்ணி முடிஞ்சுதுன்னே. அடக்கத்தன்னிக்கு, சர்ச் கீழ்த்தளத்துல, எல்லாருக்கும் காபி ஊத்திட்டே உன்கிட்டக் கேட்டேன். அவ கடைசியா என்ன சொன்னான்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?"

"அமைதியாப் போயிட்டான்னு சொன்னேன்."

"அது பேப்பர்ல போடறது!" அந்த வீட்டில் ஆர்டிஸ் குரலை உயர்த்தி எம்மெட் கேட்டதில்லை. "திருடனோ நல்லவனோ, அவன் எனக்கு ஒண்ணு குடுத்தான். என் பொண்ணு கடைசியா என்னை நினைச்சான்னு குடுத்தான். நீ அதைப் பிடுங்கிக்கிட்டு எனக்கு என்ன தரப்போறே? மாநில ஆபீஸ்ல கேட்டேன்னு தரப்போறியா? வழியை விடு எம்மெட்."

அவன் வழியில்தான் நின்றிருந்தான். அதை அப்போதுதான் உணர்ந்தான். விலகவில்லை.

மாரென் கடைசியாகச் சொன்னதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. அது சொல்லும்படியாக ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு இன்னொன்று சொல்வாள் என்று விடிய விடியக் காத்திருந்தான். அவள் தூங்கினாள், பிறகு மூச்சின் ஒலி மாறியது, பிறகு ஒலி இல்லை. ஒரு தாய்க்குக் கொண்டுபோய்க் கொடுக்க அதைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டும் என்று நினைத்தான். இல்லாததால் ஒன்றும் கொடுக்காமல் இருந்துவிட்டான்.

"சொல்றேன்," என்றான். "உக்காருங்க."

"நிக்கறேன்."

"உங்களுக்கு ஏமாத்தமா இருக்கும்."

"நான் லூத்தரன். ஏமாத்தம் எனக்குப் பழக்கம்."

ஆனாலும் ஆர்டிஸ் உட்கார்ந்தார், கோட்டோடு, சாவியோடு. எம்மெட் எதிரில் உட்கார்ந்தான். ஆறிய காபியை ஒரு வாய் குடித்தான்.

"அதுல உங்க பேரு இல்ல. என்மேல ஆசைன்னும் சொல்லல. ஆண்டவர், சொர்க்கம், ஒண்ணும் இல்ல."

"ம்."

"கட்டிலை முன்னறையில ஜன்னல் பக்கம் போட்டிருந்தோம் இல்லயா. மத்தியானமே இருட்டிடுச்சு. புயல் அப்பத்தான் பிடிக்க ஆரம்பிச்சுது. நர்ஸ் வந்து பாத்துட்டு, ரோடு மூடறதுக்குள்ள போகணும்னு கிளம்பிட்டாங்க. நான் அவ காலைத் தேய்ச்சு விட்டுட்டிருந்தேன். பாதம் சில்லுனு இருந்துச்சு. தூங்கறான்னுதான் நினைச்சேன். கண்ணைத் திறந்தா. என்னைப் பாக்கல. ஜன்னல் வழியாத் தெருவைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் கையை ஆட்டினா, கிட்ட வான்னு. நான் காதை அவ வாய்கிட்டக் கொண்டு போனேன். இதுதான்னு நினைச்சேன்."

போன் அடித்தது.

இருவருக்கும் நடுவில், கேக் தட்டுக்குப் பக்கத்தில், அது அடித்தது. ஆர்டிஸின் கை பழக்கத்தில் அரை அடி நகர்ந்தது. நின்றது. அடிக்கிற போனை அந்த வீட்டில் யாரும் அடிக்க விட்டதில்லை. அது ஓய்ந்தது, உடனே மறுபடி தொடங்கியது. ஆர்டிஸ் அதைப் பார்க்கவில்லை. எம்மெட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் சாவியை மேசையில் வைத்தார்.

"சொல்லு," என்றார். "அழகு படுத்தாதே. அவ என்ன சொன்னாளோ அது."

எம்மெட் சொன்னான். மாரென் சொன்னது போலவே, மூச்சு விட்டு விட்டு, கொஞ்சம் எரிச்சலோடு சொன்னான்.

"'எம், இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பனி அள்ற வண்டி வந்துடும். காரை எதிர்ப்பக்கம் மாத்திப் போட்டியா?'"